மிகையை அறிதல்: கேடயச் சுரப்பி மருத்துவத்தில் குருதிச் சான்றுகளின் வரலாறு

1. தோற்றுவாய்

நோய்களைக் கண்டறிந்த வரலாறும் அவற்றிற்கு மருந்து கண்ட வரலாறும் தமிழில் ஓரளவு எழுதப்பெற்றுள்ளன. கொடுத்த மருந்து அளவு கடந்துவிட்டதென்பதை மருத்துவர் எவ்வாறு அறியக் கற்றனர் என்னும் வரலாறோ அரிதாகவே பேசப்படுகின்றது. குறையால் வருந்துவோர் தாமே மருத்துவரை நாடி வருவர். மிகையோ பல வேளைகளில் ஊக்கமும் உடல் மெலிவுமாகத் தோன்றி, நலம் மீண்டதெனவே நோயாளியையும் மருத்துவரையும் எண்ணச் செய்யும். ஆதலின், மிகையை அறிதற்குத் தனியே ஒரு சான்று வேண்டப்படுகின்றது. அச்சான்று எவ்வாறு தேடப்பட்டது, எவ்வெவ்விடங்களிற் பிழைத்தது, பிழை எவ்வாறு உணரப்பட்டது என்பவற்றைக் கேடயச் சுரப்பி மருத்துவத்தின் வழி ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொற்கள் பற்றிச் சில கூறுதல் வேண்டும். கழுத்தின் முன்புறத்தில் அமைந்த இச்சுரப்பிக்கு 1656 ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் கிரேக்க மொழி வழியாகப் பெயரிட்டார். கேடயம் போன்றது என்பது அப்பெயரின் பொருள். தைராய்டு என உலகெங்கும் வழங்கும் அதனைக் கேடயச் சுரப்பி எனத் தமிழாக்கியது பொருத்தமே. ஹார்மோன் எனப்படுவதனை இயக்குநீர் என்பர். நோயையோ மருந்தின் விளைவையோ காட்டும் குருதிப் பொருள்களைக் குறிப்பான் என்றும் சுட்டி என்றும் இன்று எழுதுகின்றனர். யாம் இக்கட்டுரையில் அவற்றைச் சான்று என்றே வழங்குகின்றோம். சுட்டி என்றால் அது காட்டுவதனை அப்படியே கொள்ளத் தோன்றும். சான்று என்றாலோ, அஃது எங்கிருந்து கண்டது, எதனைக் காண இயலாதது என்று வினவ இடமுண்டு. அவ்வினா இல்லாமையாலேயே பெரும்பிழைகள் நேர்ந்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. உடலே சான்றாயிருந்த காலம்

கேடயச் சுரப்பி குன்றுவதால் உடல் தடித்து, தோல் உலர்ந்து, குரல் கனத்து, அறிவின் விரைவு மங்கும் நிலையை 1873 இல் வில்லியம் கல் என்பார் இலண்டனில் விரித்துரைத்தார். 1878 இல் வில்லியம் ஆர்டு அதற்கு மிக்சிடீமா எனப் பெயரிட்டார். 1891 இல் நியூகாசில் நகர மருத்துவர் சார்ச்சு மறே, ஆட்டின் கேடயச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 அகவைப் பெண் ஒருவர்க்குத் தோலடியிற் செலுத்தினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது; பேச்சு தெளிந்தது. அடுத்த ஆண்டிலேயே சுரப்பியை வாய்வழி உண்பிப்பதும் போதும் என்று பிறர் கண்டனர். அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919 இல் தம் 74 ஆம் அகவையில் மறைந்தார். அவர் வாழ்நாளில் உட்கொண்ட மருந்துக்கு 870 க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தன என்று மறே பின்னர்க் கணக்கிட்டு எழுதினார்.

இக்கணக்கு நம் ஆராய்ச்சிக்கு ஒரு வினாவை எழுப்புகின்றது. ஆட்டுக்கு ஆடு சுரப்பியின் ஆற்றல் வேறுபடும். குருதியில் மருந்து எவ்வளவு உள்ளதென்று அளக்கும் வழியும் அன்று இல்லை. அவ்வாறாயின் 28 ஆண்டுகள் அளவு எவ்வாறு காக்கப்பட்டது? நாடித்துடிப்பு, உடல் வெப்பம், எடை, கை நடுக்கம், உறக்கம் ஆகியனவே அன்றைய சான்றுகள். நாடி விரைந்தால் மருந்தைக் குறைத்தனர். உடல் குளிர்ந்து தடித்தால் கூட்டினர். இம்முறை பருமையான மிகையைத் தடுக்கப் போதுமானதாயிருந்தது. மெல்லிய மிகையை, அதாவது ஆண்டுக்கணக்கில் உள்ளே நின்று இதயத்தையும் எலும்பையும் தேய்க்கும் மிகையை, அது காட்டவில்லை. உடற்பருமனைக் குறைக்கவும் இம்மருந்து 1890 களிலேயே கொடுக்கப்பட்டது. அங்கே எடை குறைதல் மருந்தின் பயனாகவே கொள்ளப்பட்டமையால், மிகையின் முதல் அடையாளம் வெற்றியின் அடையாளமாயிற்று.

3. மூச்சை அளந்த முறை

உடலின் தோற்றத்தை விடுத்து எண்ணால் அளக்கும் முயற்சி 1895 இல் செருமானிய நாட்டில் தொடங்கியது. அடால்ஃபு மாக்னசு லெவி என்பார் நோயாளிகள் உட்கொள்ளும் உயிர்வளியின் அளவை ஆராய்ந்தார். கேடயச் சுரப்பி மிக்கவர்க்கு அது கூடுதலாகவும் குன்றியவர்க்குக் குறைவாகவும் இருந்தது. சுரப்பியை உண்பித்தால் உயர்ந்தது. இதனின்றும் வளர்ந்ததே அடிப்படை வளர்சிதைமாற்ற வீதம் என்னும் அளவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் இதுவே மருந்தின் அளவை வரையறுக்கும் தலையாய கருவியாக நின்றது.

இவ்வளவையின் குறை அதன் அமைப்பிலேயே உள்ளது. நோயாளி இரவு முழுதும் உண்ணாது, காலையில் அசையாது படுத்து, கருவியின் வழி மூச்சுவிடல் வேண்டும். அச்சம் கொண்டவர்க்கும் காய்ச்சலுற்றவர்க்கும் எண் உயரும். நலமுடையோர்க்குள்ளேயே இயல்பு நிலையினின்று நூற்றுக்குப் பத்து, பதினைந்து என வேறுபாடு காணப்படும். எனவே எண் சற்று உயர்ந்திருப்பின் அது மருந்தின் மிகையா, நோயாளியின் அச்சமா என்று பிரித்தறிய இயலாது. மூச்சு உடல் முழுவதற்குமாகப் பேசியது. அதனுள் எவ்வுறுப்பு எதனால் வருந்துகின்றது என்று கூறவில்லை.

இதற்கிடையே மருந்து தூய்மை பெற்றது. 1914 டிசம்பர் 25 இல் அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்டு கெண்டல் சுரப்பியின் செயற்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார், அதுவே தைராக்சின். அவர் கூறிய வேதியியல் அமைப்பு பிழைபட்டது. சார்லசு ஆரிங்டன் 1926 இல் அதன் உண்மையமைப்பை நிறுவி, சார்ச்சு பார்சருடன் சேர்ந்து 1927 இல் செயற்கையாகவும் ஆக்கினார். ஆயினும் பல்லாண்டுகள் உலர்த்திப் பொடித்த விலங்குச் சுரப்பியே பெரும்பாலோர்க்கு மருந்தாயிருந்தது. அதன் ஆற்றல், அதிலுள்ள அயோடின் அளவால் மதிக்கப்பட்டது.

4. அயோடின் கூறிய சான்று

கேடயச் சுரப்பியின் இயக்குநீரில் அயோடின் உள்ளது. குருதியில் அந்நீரின் மிகப்பெரும் பகுதி புரதத்தோடு பிணைந்தே ஓடுகின்றது. இவ்விரண்டு உண்மைகளையும் இணைத்து, குருதிப் புரதத்தோடு பிணைந்த அயோடினை அளக்கும் முறை 1940 களிலும் 1950 களிலும் பரவியது. 100 மில்லி லிட்டர் குருதிநீரில் 4 முதல் 8 மைக்ரோகிராம் வரை இயல்பெனக் கொண்டனர். மருந்தின் அளவைக் காண மருத்துவர் குருதியையே வினவிய முதற்பெருங்காலம் இஃது எனலாம்.

இச்சான்று அளந்தது அயோடினை. அறிய விரும்பியதோ இயக்குநீரின் செயலை. இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு மூன்று வகையில் வெளிப்பட்டது. அயோடின் கலந்த இருமல் மருந்து உண்டவர்க்கும், கதிர்ப்படத்திற்காக அயோடின் சாயம் பெற்றவர்க்கும் எண் பொய்யாக உயர்ந்தது என்பது ஒன்று. கருவுற்ற மகளிர்க்குப் பிணைக்கும் புரதமே மிகுதலால், செயலில் மாற்றமின்றியும் எண் உயர்ந்தது என்பது மற்றொன்று. மூன்றாவதே நம் பொருளுக்கு இன்றியமையாதது.

1952 இல் இலண்டனில் சாக் கிராசும் ரோசலிண்டு பிட்-ரிவர்சும் குருதியில் இரண்டாவது இயக்குநீர் ஒன்றைக் கண்டனர். தைராக்சினில் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன, இதனில் மூன்றே. ஆதலின் இது மூவயோடு தைரோனின் எனப்பெற்றது. இது தைராக்சினைவிட மூன்று நான்கு மடங்கு ஆற்றல் மிக்கது, குருதியில் மிகச் சிறிய அளவிலேயே இருப்பது, விரைவில் கழிந்துபோவது. இதனை மருந்தாக உண்பவரிடம் அயோடின் அளவை என்ன கூறும்? புதிய இயக்குநீர் மூளையடிச் சுரப்பியை அடக்க, உடலின் சொந்தத் தைராக்சின் குன்றும். புரதத்தோடு பிணைந்த அயோடினும் தாழும். உடல் மிகையால் விரைந்துகொண்டிருக்க, எண் குறையுண்டு எனச் சொல்லும். அவ்வெண்ணை நம்பிய மருத்துவர் மருந்தைக் கூட்டினால் மிகை இருமடங்காகும். சான்று பிழையின்றி அளந்தும் முடிவு தலைகீழாதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

5. ஒருகண் கொண்ட அளவை

இந்நிலையை மாற்றியது குருதியில் மிகநுண்ணிய பொருளையும் அளக்கவல்ல ஒரு புதுமுறை. எதிர்ப்பொருளையும் கதிரியக்கத்தையும் துணைக்கொண்ட அதனைச் சாலமன் பெர்சன், ரோசலின் யாலோ ஆகிய இருவரும் நியூயார்க்கில் இன்சுலினை அளத்தற்பொருட்டு 1959, 1960 ஆம் ஆண்டுகளில் உருவாக்கினர். 1965 இல் இராபர்ட்டு அட்டைகர் முதலியோர் அம்முறையால் மாந்தர் குருதியில் டி.எஸ்.எச். எனப்படும் இயக்குநீரை அளந்து காட்டினர்.

டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, கேடயச் சுரப்பியைத் தூண்டற்கு அனுப்பும் நீர். கேடயச் சுரப்பியின் நீர் குறைந்தால் இது ஏறும், மிகுந்தால் இறங்கும். அவ்விறக்கம் மிகப் பெரிது. குருதியில் கட்டற்ற தைராக்சின் இருமடங்கானால், டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மருந்தின் சிறுமிகையையும் பெரிதாக்கிக் காட்டும் சான்று இதுவென எதிர்பார்த்தல் இயல்பே.

ஆனால் 1965 ஆம் ஆண்டின் அளவை அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. நலமுடையோர் குருதியில் டி.எஸ்.எச். இன்றைய அலகில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்கும். அன்றைய முறையாலோ 1 க்குக் கீழ்ப்பட்டதனை உறுதியாக அளக்க முடியவில்லை. உயர்வு தெளிவாகத் தெரிந்தது, தாழ்வு தெரியவில்லை. நலமுடையார் பலரும், மருந்து மிகுந்தாரும், ‘காணப்படவில்லை’ என்னும் ஒரே விடையின்கீழ் அடங்கினர்.

இலக்கிய வரலாறு பயில்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஒரு நூல் ஓர் ஊரைக் குறிப்பிடவில்லை என்பதனால் அந்நூற் காலத்தில் அவ்வூர் இல்லையென முடிவுகட்டுதல் தகாது என்பதை நாம் அறிவோம். அந்நூல் அவ்வூரைக் கூறவேண்டிய இடம் பெற்றிருந்தும் கூறாது விட்டதா என்று முதலில் காணல் வேண்டும். டி.எஸ்.எச். அளவையின் ‘காணப்படவில்லை’ என்னும் சொல்லும் அத்தகைய கூறாமையே. உயர்ந்திருந்த எண் மருந்தால் தாழ்ந்துவிட்டது. எனவே அளவு சரி என்று கொள்ள அது இடந்தந்தது. எவ்வளவு தாழ்ந்தது என்பதோ இருளில் நின்றது. குறையைத் திருத்துவதற்கு நல்ல கருவி வந்தபோதும், மிகையைத் தடுப்பதற்குக் கருவி வரவில்லை.

இதனை அன்றைய அறிஞர் உணராமலில்லை. பிட்யூட்டரியைத் தூண்டும் டி.ஆர்.எச். என்னும் மற்றொரு நீரின் அமைப்பை 1969 இல் உரோசர் கியெமினும் ஆண்ட்ரூ சால்லியும் தனித்தனிக் குழுக்களாய் நின்று நிறுவினர். அதனைக் குருதியிற் செலுத்தினால் நலமுடையார்க்கு டி.எஸ்.எச். எழும், மிகையுடையார்க்கு எழாது. தானே பேசாத சான்றைத் தூண்டிப் பேசச் செய்த உத்தி இது. கியெமின், சால்லி, யாலோ ஆகிய மூவரும் 1977 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது, இவ்விருவகைப் பணியும் ஒன்றோடொன்று இயைந்தமையைக் காட்டுகின்றது. ஆயினும் ஊசியிட்டு, காத்திருந்து, மீண்டும் குருதி எடுக்கும் இம்முறை, வாழ்நாள் முழுதும் மருந்துண்ணும் எண்ணற்றோர்க்குப் பலமுறை செய்யத்தக்கதன்று.

இக்காலத்தே மருந்தின் அளவு எவ்வாறிருந்தது என்பதே கருதற்பாலது. நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் தைராக்சின் கொடுத்தல் வழக்காயிருந்தது. 1970 இல் பிரேவர்மன், இங்பார், சுடெர்லிங் ஆகியோர், கேடயச் சுரப்பி இல்லாதார் உடலிலும் தைராக்சின் தானே மூவயோடு தைரோனினாக மாறுகின்றது என நிறுவினர். 1974 இல் சுடாக்கு, சர்க்சு, ஆப்பன்ஐமர் என்போர் மருந்தளவை மறு ஆய்வு செய்து, பெரும்பாலோர்க்கு 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்த அளவே போதுமென்றனர். இன்று எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்பதே பொதுவரை. அவ்வாறாயின் முந்தைய நெறியின்படி நூல்வழி நின்று பிழையின்றி மருந்து கொடுக்கப்பட்டோருள் பலர் நெடுங்காலம் மிகையை உண்டனர் என்பது போதரும். அதற்கு மருத்துவரின் கவனக்குறைவு காரணமன்று. அளவையின் கண் எட்டாத இடத்தில் நெறியின் எல்லை வகுக்கப்பட்டதே காரணம் என யாம் கருதுகின்றோம்.

6. தாழ்வும் தெரிந்த காலம்

ஒரே தன்மையுடைய எதிர்ப்பொருளை ஆக்கும் முறையைக் கோலர், மில்சுடைன் ஆகிய இருவரும் 1975 இல் கண்டனர். 1980 களில் அவ்வெதிர்ப்பொருள் இரண்டின் நடுவே டி.எஸ்.எச். ஐப் பிடித்து அளக்கும் முறை எழுந்தது. அளக்கும் எல்லை முதலில் 0.1 அளவிற்கும், பின்னர் 0.01 அளவிற்கும் இறங்கியது. அதுவரை ‘காணப்படவில்லை’ என்னும் ஒரு சொல்லுள் மறைந்திருந்தவர் இயல்பு, சிறுதாழ்வு, அடக்கம் என வெவ்வேறு படிகளிற் பிரிந்து நின்றனர்.

புதுச்சான்று உடனே ஒப்புக்கொள்ளப்பட்டதெனல் வரலாறாகாது. 1986 இல் கிளாசுகோ நகர மருத்துவர் சிலர், தைராக்சின் உண்பாரைக் கண்காணிப்பதில் குருதி அளவைகளால் யாதேனும் பயனுண்டோ என வினவிக் கட்டுரை எழுதினர். தேர்ந்த மருத்துவரின் நேர்முக மதிப்பீட்டோடு ஒப்பிட, எண்கள் சிறந்து விளங்கவில்லை என்பது அவர்தம் முடிபு. இது வெறும் பழமைப்பற்றன்று. எண் மிகையென்கின்றது, நோயாளியோ நலமாயிருப்பதாகக் கூறுகின்றார், மருத்துவர் கண்ணுக்கும் மிகை தோன்றவில்லை. அந்நிலையில் எதனை நம்புவது என்பது நேர்மையான வினாவே.

அதற்கு விடை, ஆண்டுகள் பல காத்திருந்து பெறவேண்டியதாயிற்று. 1994 இல் சாவின் முதலியோர், பிராமிங்காம் ஊரில் 60 அகவை கடந்த 2,007 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்ட ஆய்வை வெளியிட்டனர். டி.எஸ்.எச். 0.1 அல்லது அதற்குக் கீழிருந்தாருள் நூற்றுக்கு 28 பேர்க்கு இதயமேலறைத் துடிப்பு ஒழுங்கிழந்தது. இயல்பளவினர்க்கு நூற்றுக்கு 11 பேர்க்கே அவ்வாறாயிற்று. 2001 இல் பாவர் முதலியோர், 65 அகவை கடந்த மகளிருள் அதே தாழ்வுடையார்க்கு இடுப்பெலும்பு முறிவு மும்மடங்கும் முதுகெலும்பு முறிவு நான்மடங்கும் நிகழ்ந்ததெனக் காட்டினர். இவ்வாய்வுகளிற் கண்ட தாழ்வெல்லாம் மருந்தால் வந்ததன்று. தம் சுரப்பியே மிக்கவரும் உளர் என்பதை மறத்தலாகாது. மருந்துண்பாரையே தனித்து நோக்கியது 2010 இல் இசுகாத்லாந்தின் டேசைடு பகுதியில் 17,684 பேரை ஆராய்ந்த ஆய்வு. 0.03 உம் அதற்குக் கீழும் அடங்கினார்க்குத் தீங்கு மிகுந்தது; 0.04 முதல் 0.4 வரை சற்றே தாழ்ந்தார்க்கு மிகவில்லை. தாழ்வு என்பதனுள்ளும் படி உண்டென்பதும், எல்லாத் தாழ்வும் ஒரு தன்மையதன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

கிளாசுகோ அறிஞர் நோயாளியின் இன்றைய நலத்தைச் சான்றாகக் கொண்டனர். புதுச்சான்றோ வருங்காலத் தீங்கைப் பேசியது. இரண்டும் வெவ்வேறு காலத்தைப் பற்றியன. ஆதலின் ஒன்று மெய்யாக மற்றொன்று பொய்யாதல் வேண்டுவதில்லை.

7. சான்றின் எல்லைகள்

டி.எஸ்.எச். பிட்யூட்டரியின் கூற்று, உடல் முழுவதன் கூற்றன்று. ஆகவே அதன் எல்லைகளையும் வகுத்துக்கொள்ளல் வேண்டும். அது காலந்தாழ்த்துப் பேசும். மருந்தளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே அதனை வினவுதல் தக்கது. பிட்யூட்டரியே நோயுற்றார்க்கு அதன் கூற்றை நம்புதற்கில்லை. அவர்க்குக் கட்டற்ற தைராக்சினை நோக்குதலே நெறி. கேடயச் சுரப்பிப் புற்றுநோயுற்றார் சிலர்க்கு அதனை வேண்டுமென்றே அடக்குவர். அங்கே தாழ்வு பிழையன்று, குறிக்கோள்.

கட்டற்ற தைராக்சினும் தனித்து நம்பத்தக்கதன்று. மருந்தால் மட்டுமே அதனைப் பெறுவார்க்கு, டி.எஸ்.எச். இயல்பாயிருக்கும்போதே தைராக்சின் இயல்பெல்லையின் மேற்பகுதியிலோ சற்று மேலேயோ நிற்றல் உண்டு. மாத்திரை உண்ட சில மணி நேரத்துள் எடுத்த குருதியில் அது மேலும் உயரும். கல்லீரல் ஆக்கும் ஒரு பிணைப்புப் புரதம், பால் இயக்குநீர்களைத் தாங்கிச் செல்வது, கேடய நீர் மிகுந்தால் ஏறும். பிட்யூட்டரிக்கு அப்பால் மற்றோர் உறுப்பு கூறும் சான்றென அதனை ஆராய்ந்தனர். கருத்தடை மாத்திரையாலும் கல்லீரல் நோயாலும் அது மாறுதலின், துணைச்சான்றாகவே நிற்கின்றது. கொழுப்புச் சத்தின் தாழ்வும் எலும்புத் தேய்வைக் காட்டும் பொருள்களும் அத்தகையனவே.

அளவையின் கருவியே ஏமாறும் இடமும் உண்டு. தலைமுடி வளர்ச்சிக்கெனப் பலர் உண்ணும் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்து, சில ஆய்வு முறைகளில் இடைபுகுந்து, டி.எஸ்.எச். ஐப் பொய்யாகத் தாழ்த்தும். தைராக்சினைப் பொய்யாக உயர்த்தும். இரண்டு சான்றுகளும் ஒருங்கே மிகையென்று கூறும். உடலில் மிகை இராது. அமெரிக்க உணவு மருந்து ஆட்சியகம் 2017 இல் இவ்விடையூறு பற்றி எச்சரிக்கை விடுத்தது. ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதிய இரண்டு சுவடிகள் ஒரே பிழையைக் காட்டினால் அது பிழையன்று என ஆகிவிடாது. இரண்டு சான்றுகள் ஒத்திருத்தல் மட்டும் போதாது. அவை ஒன்றையொன்று சாராதன என்பதும் தெளியப்படல் வேண்டும்.

8. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. முதலாவது, கேடயச் சுரப்பி மருத்துவத்தில் ஒவ்வோர் அளவையும் குறையைக் காணுதற்கே முதலிற் பயன்பட்டது. மிகையைக் காணும் ஆற்றல் பிந்தியே வந்தது. மருந்து பிறந்த 1891 இலிருந்து மெல்லிய மிகையை எளிதில் அறிய 1980 கள் வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. இரண்டாவது, இயல்பான மருந்தளவு எனப்பட்டது அவ்வக்காலத்து அளவையின் ஆற்றலோடு சேர்ந்தே மாறியது. மூன்றாவது, பயோட்டின் போல்வன காட்டுமாறு, இன்றைய நுண்ணளவையும் வினவப்படாமல் ஏற்கத்தக்கதன்று.

நாடி பார்த்து அளவைக் காத்த மறேயின் முறை முற்றும் வழக்கிழந்துவிடவில்லை என்பதையும் கூறி முடித்தல் தகும். எண் தாழ்ந்திருக்கும்போது நாடியையும் கையின் நடுக்கத்தையும் எடையையும் உறக்கத்தையும் இன்றும் மருத்துவர் வினவுகின்றனர், வினவுதல் வேண்டும். குருதி கூறுவதனை உடல் கூறுவதோடும், உடல் கூறுவதனை ஆண்டுகள் கூறுவதோடும் வைத்து ஒப்புநோக்கி மருந்தின் அளவைத் துணிவதே, இந்நூற்றாண்டு வரலாறு நமக்கு விட்டுச்சென்ற நெறியாகும்.